பதினான்காம் பிரிவும் பஸ்ஸில் தூங்கிய பெண்களும்

உங்களில் எத்தனை பேர் வேலை ஒப்பந்தத்தை மேசைமேல் தள்ளி, பேனா மூடியையும் திறந்து கொடுத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். காலையில் முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள், பதினோரு மணிக்குள் எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், உற்பத்தி லைனிலிருந்து சூப்பர்வைசர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். அந்த அவசரத்தில் யார் எதைப் படிக்கிறார்கள்?

ஓய்வு பெற்றுக் குன்றத்தூரில் நிம்மதியாக இருக்கிறவளை விடாமல், புதிதாக மனிதவளத் துறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சட்டம் சொல்லித்தர நான் ஆள் இல்லை. அதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஓர் ஆர்ட் கன்சல்டன்ட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த வேலை ஒப்பந்தம் அது.

சிரிக்காதீர்கள். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற தொழிற்சாலைக்கு ஆர்ட் கன்சல்டன்ட் எதற்கு என்று அன்றைக்கு நானும் சிரித்தவள்தான். எங்கள் எம்.டி. வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒவ்வொரு மாடியிலும் ஓவியம் மாட்டியிருக்கிறார்களாம். இங்கே புதிதாகக் கட்டிய அலுவலகக் கட்டடத்தில் சுவரெல்லாம் வெள்ளையாகப் பல்லிளித்துக்கொண்டு நின்றது. எந்தச் சுவருக்கு எந்த ஓவியம், யாரிடமிருந்து வாங்குவது, எந்த உயரத்தில் மாட்டுவது, எப்படிப் பாதுகாப்பது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், ஒரு வருஷ ஒப்பந்தம், நம் ஊழியராகவே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அப்படி ஒரு பதவியே எங்கள் கம்ப்யூட்டரில் கிடையாது. சுவர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் கட்டடப் பராமரிப்பின் கீழ் போட்டேன். ஒப்பந்தத்துக்கு மாதிரி? ரப்பர் வார்க்கும் அச்சுகளை வரைகிற டூல் டிசைன் இன்ஜினியருக்கு எழுதியது ஒன்று கையில் இருந்தது. அவரும் வரைகிறவர், இவரும் வரைகிறவர், போதாதா? 'டூல் டிசைன் இன்ஜினியர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'ஆர்ட் கன்சல்டன்ட்' என்று ஒரே தட்டில் மாற்றினேன். ஏழு நிமிஷத்தில் ஒப்பந்தம் ரெடி. எனக்கு என்மேலேயே ஒரு பெருமை.

அதன்படி ஆர்ட் கன்சல்டன்ட் மூன்று ஷிஃப்டிலும் வேலை செய்யச் சம்மதிக்கிறார். ரப்பர் கலக்கும் இடத்தில் புகையிலை போடமாட்டார். அச்சுகளை வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். பதினான்காம் பிரிவின்படி, பணிக்காலத்தில் அவர் உருவாக்கும் எந்த வரைபடமும் வடிவமும், பணிநேரத்தில் செய்தாலும் பணிநேரத்துக்கு வெளியே செய்தாலும், தொழிற்சாலைக்குள் செய்தாலும் வேறெங்கு செய்தாலும், கம்பெனிக்கே முழுச் சொந்தம்.

அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஓர் இன்ஜினியர் எங்கள் அச்சு ஒன்றை வீட்டில் உட்கார்ந்து லேசாக மாற்றி வரைந்து, பக்கத்துக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரை நினைத்து எழுதிய பிரிவு அது. அவர் போய்ப் பல வருஷம் ஆகியும் பிரிவு மட்டும் போகவில்லை.

வேலைக்கு வந்தவள் முத்துச்செல்வி. திருச்செந்தூர்ப் பக்கம். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னையில் ஆறு வருஷம் ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படம் தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுத்தவள். ஒல்லியான பெண். பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். ஒப்பந்தத்தைக் கொடுத்தேன், பேனா மூடியையும் திறந்து நீட்டினேன். அவள் பேனாவை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல். வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

"மேடம், அச்சுக்கு எண்ணெய் போடணும்னு இருக்கே?"

"அதை விடும்மா, அது உனக்கில்ல."

"பதினாலாவதுல, வேலை நேரத்துக்கு வெளியேன்னும் போட்டிருக்கு. நான் ரூம்ல எனக்குன்னு கொஞ்சம் வரையுதேன். அதுவும் கம்பெனிக்கா மேடம்?"

"அட, அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. எல்லாருக்கும் இருக்கிறதுதான். உன் படத்தை யாரு வந்து கேக்கப்போறா?"

சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன். அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாளே கேட்டில் கலாட்டா. வண்ணம் குழைக்கிற சின்னக் கத்தி அவள் பையில் இருந்தது. செக்யூரிட்டி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆயுதம் என்று எழுதுவதா, கரண்டி என்று எழுதுவதா என்று தெரியாமல் எனக்குப் போன் போட்டார். முதல் மாதம் முழுக்க அவள் ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் போட்டுக்கொண்டுதான் அலுவலக வராந்தாவில் ஆணி அடித்தாள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேலையில் கெட்டி. கேன்டீனில் வயல் ஓவியம் ஒன்றை மாட்டினாள். வல்லக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, இது எங்கள் ஏரிக்கரை, இல்லை எங்கள் ஏரிக்கரை என்று சண்டை போட்டார்கள். அவள் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கியிருந்தது சேரப்பணஞ்சேரியில். எங்கள் லைனில் வேலை பார்க்கிற ஐந்து பெண்களோடு ஒரு வாடகை ரூம். அந்த ஐந்து பேரும் தெற்கேயிருந்து வந்தவர்கள். அவர்களோடு அதிகாலைக் கம்பெனி பஸ்ஸிலேயே இவளும் வருவாள். அலுவலக ஊழியர்களுக்கு ஒன்பது மணிக்குத் தனி வண்டி இருந்தது. அதில் ஏன் வருவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "இதுல எல்லாரும் தூங்குவாங்க மேடம், பாக்க நல்லாருக்கும்" என்றாள். என்ன பைத்தியக்காரப் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மாதம் போனது. ஒரு நாள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தாள். நான்கு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்த தாளில் 'ரூமில் கீழே விழுந்தேன்' என்று இருந்தது. "பாத்து நடக்கக் கூடாதாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை என் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். சென்னையில் ஓர் ஓவியக் கூடத்தில் நடக்கும் கண்காட்சிக்கு அவள் வரைந்த படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அவள் பெயர் போட்டு அவள் படம் சுவரில் தொங்கப்போவது இதுதான் முதல் தடவை. படம் தனக்கே சொந்தம், வேறு யாருக்கும் உரிமை கிடையாது என்று அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"பதினாலாவது பிரிவு இருக்குல்லா மேடம். அதான், கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லைன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா நான் பொய் சொல்லாம எழுதிக் குடுப்பேன்."

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு படத்தைக் கொண்டுபோயிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. நேர்மையாக வந்து கேட்டவளுக்கு நான் செய்த உபகாரம், அந்தப் படத்தின் போட்டோவையும் சேர்த்து தொழிற்சாலைக்குத் தலைவரான பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு மெயில் தட்டியதுதான்.

பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். பிளான்ட் ஹெட் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உற்சாகம் வந்தால் தரையில் கால் பாவாது, அவ்வளவுதான்.

"மேடம், இது நம்ம பஸ்ஸு! நம்ம யூனிஃபார்ம்! என்னமா வரைஞ்சிருக்கா பாருங்க! அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றாங்க, வரவேற்பறையில நடு சுவர்ல இதை மாட்டுறோம். கீழே பித்தளையில கம்பெனி பேரு. அந்தப் பொண்ணுக்கு ஒரு சால்வை, ஷீல்டு, எல்லாம் செஞ்சுடலாம்."

"சார், அது அவ சொந்தமா வரைஞ்சது. கண்காட்சிக்கு..."

"ஒப்பந்தத்துல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"நம்மளுதுன்னு இருக்கு சார்."

"அப்புறம் என்ன? அவளுக்கும் பெருமைதானே."

அந்த இடத்தில், "சார், அந்தப் பிரிவு இவளுக்குப் பொருந்தாது, நான் யோசிக்காமல் காப்பி அடித்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம், ஏழு நிமிஷத்தில் காப்பி அடித்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். தலையாட்டிவிட்டு வந்தேன். பிள்ளைகளே, அவருடைய உற்சாகம் செய்த கெடுதலைவிட என்னுடைய வெட்கம் செய்த கெடுதல் பெரிது.

முத்துச்செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சால்வை, ஷீல்டு எல்லாவற்றையும் சேர்த்து இனிப்பாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

"நான் படிச்சேன் மேடம்" என்றாள். "படிச்சு உங்ககிட்ட கேட்டேன். நீங்க ஃபார்மாலிட்டின்னு சொன்னீங்க. நீங்க சொன்னதாலதான் கையெழுத்துப் போட்டேன்."

நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"ஆறு வருஷமா அடுத்தவங்க படத்துக்கு ஆணி அடிச்சிக்கிட்டிருக்கேன் மேடம். ஒண்ணே ஒண்ணுதான் எனக்குன்னு வரைஞ்சேன்."

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். டீ வந்தது, ஆறியது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் ஸ்டேப்ளரைத் தூக்கி அலமாரிமேல் போட்டேன். அது உடைந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ரூமுக்குப் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவரோரம் ஆறு பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மீதி இடத்தில் முக்கால்வாசியை அந்தப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. போட்டோவில் பார்த்தது ஒன்றுமே இல்லை. என்னைவிட உயரம். பஸ்ஸுக்குள் யூனிஃபார்ம் போட்ட பெண்கள், மடியில் சாப்பாட்டுப் பை, ஒருத்தி தோளில் ஒருத்தி தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. இந்தப் பெண்களில் மூன்று பேருக்கு ஒப்பந்தம் கொடுத்தவள் நான். ஒருத்தி முகத்தையும் நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்துச்செல்வி டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வாயைப் பிளந்து தூங்குகிறவள் பிரியா. அவள்தான் எதிரே உட்கார்ந்திருந்தாள், நேரில் நன்றாக விழித்துக்கொண்டு.

"மேடம், இதுக்காக அக்கா கையையே ஒடிச்சிக்கிட்டா தெரியுமா? மேல் பக்கம் எட்டலைன்னு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல ஏறி நின்னு வரைஞ்சா. ஸ்டூலு வழுக்கி, டமார்னு விழுந்தா. விழுந்ததும் அம்மான்னுகூடக் கத்தலை, படத்துல பட்டுச்சான்னுதான் கேட்டா, லூசு!"

பிரியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் ஏதோ ஒன்று 'டிக்' என்றது.

எங்கள் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை இருக்கும். விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்ற எண் அதில் தினமும் ஏறும். வேலையில் யாருக்காவது அடிபட்டு இரண்டு நாளுக்குமேல் வராமல் போனால் எண் பூஜ்யத்துக்கு இறங்கும், மேலிடத்துக்கு அறிக்கை போகும். எங்கள் பலகை ஆயிரத்தைத் தொட இன்னும் பதினோரு நாள். பிளான்ட் ஹெட் தினமும் காரை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆயிரமாவது நாளுக்கு எல்லோருக்கும் பிரியாணி என்று சொல்லியாகிவிட்டது, ஷாமியானாவுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை சேஃப்டி ஆபீசர் தனசேகரைப் பிடித்தேன். வல்லக்கோட்டைக்காரர். நிலத்தில் இறங்கினாலும் ஹெல்மெட்டோடுதான் இறங்குவார் என்று அவர் அப்பாவே கேலி செய்வாராம்.

"தனசேகர், ஒருத்தர் கம்பெனி வேலையைக் கம்பெனிக்கு வெளியே செய்யும்போது விழுந்து, நாலு நாள் வரலைன்னா அது என்ன?"

"இன்னா மேடம் கேள்வி இது? ஆக்சிடென்ட்தான். போர்டு ஜீரோ."

"வெளியேன்னாலும்?"

"வேலை கம்பெனிதுன்னா எங்க இருந்தா இன்னா மேடம்? வேலைதானே." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு மேடம் வியுந்தது? சொல்லுங்க."

சொன்னேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விபத்து அறிக்கைப் படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், தேதி, காயம், செய்துகொண்டிருந்த வேலை. எதிலும் ஒரு சொல் பொய் இல்லை. இரண்டு பேருமாக பிளான்ட் ஹெட் அறைக்குப் போனோம். ஜன்னல் வழியாகப் பலகை நன்றாகத் தெரியும்.

"என்ன மேடம், படம் வந்துடுச்சா?"

"வந்துடும் சார். அதுக்கு முன்னாடி இதுல உங்க கையெழுத்து வேணும்."

படிவத்தின் தலைப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "யாருக்கு? எந்த லைன்? எனக்கு ஏன் சொல்லலை?"

"முத்துச்செல்விக்கு சார். மணிக்கட்டு எலும்புல விரிசல். நாலு நாள் லீவு."

"அது ரூம்ல விழுந்ததுன்னு சொன்னாங்களே!"

"ஆமா சார். ரூம்ல ஸ்டூல்மேல ஏறி நின்னு இந்தப் படத்தை வரையும்போது விழுந்தா."

"அது அவளோட சொந்த..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

தனசேகருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவர் நிஜமாகவே கவலையில் இருந்தார். "சார், அந்த ரூமை ஒர்க் பிளேஸ்னு எடுத்துக்கினா இன்னும் கஷ்டம் சார். தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணு கூட இல்ல. சட்டுனு பத்திக்கிற டர்பன்டைன் கீது. அதே ரூம்ல ஸ்டவ் வச்சுக் குழம்பு காய்ச்சறாங்க. ஆடிட்ல எவனாவது கேட்டா நான் இன்னா சார் சொல்றது?"

பிளான்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். "மேடம், என்னை மிரட்டுறீங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். அவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் அதை அனுப்பித்தான் இருப்பேன். பலகை இறங்கியிருக்கும், ஆயிரத்து இருநூறு பேருக்குப் பிரியாணி போயிருக்கும், எல்லோரும் என்னைத்தான் திட்டியிருப்பார்கள். வெறும் பூச்சாண்டி காட்டத்தான் அதைக் கொண்டுபோனேன் என்றால் அது அயோக்கியத்தனம். அனுப்பத் தயாராக இல்லாத காகிதத்தை யார் முன்னாலும் நீட்டாதீர்கள்.

"மிரட்டலை சார். படம் நம்மளுதுன்னா அவ விழுந்ததும் நம்மகிட்டதான். ஒரே பிரிவு சார், பாதியை எடுத்துக்கிட்டுப் பாதியை விட முடியாது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். "இன்னொண்ணு. அந்தப் பிரிவு அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. டூல் டிசைன்காரங்களோடதை நான் அப்படியே காப்பி அடிச்சிட்டேன். அவ அன்னிக்கே கேட்டா. ஃபார்மாலிட்டின்னு சொல்லி நான்தான் கையெழுத்து வாங்கினேன். போன வாரமே உங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லலை."

அவர் ஒப்பந்தத்தைக் கேட்டார். கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் அந்தக் கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு பிளான்ட் ஹெட் வேலை ஒப்பந்தம் ஒன்றை முழுதாகப் படித்து அன்றுதான் பார்த்தேன். புகையிலை வந்ததும் புருவம் உயர்ந்தது. அச்சுக்கு எண்ணெய் போடுகிற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஓவியம் மாட்ட வந்த பொண்ணு வாராவாரம் அச்சு துடைக்கணுமா?"

"ஆமா சார்."

"துடைச்சாளா?"

"நான் வேணாம்னு சொல்லியும், ஒப்பந்தத்துல இருக்குன்னு மூணு வாரம் துடைச்சிருக்கா சார். மெயின்டனன்ஸ்காரங்கதான் பாவப்பட்டு வேணாம்னு அனுப்பிட்டாங்க."

அவ்வளவுதான். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு வெளியே இருந்த செக்ரட்டரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். தனசேகர் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துப் பதினான்காம் பிரிவைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்திலும் போட்டார். விபத்துப் படிவத்தை என் பக்கமே தள்ளினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லுங்க." நான் கதவு வரை போனேன். "வேணாம் மேடம், இருங்க. நானே போய்ச் சொல்றேன்."

போய்ச் சொன்னார். அவள் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தாளாம். "சார், முதல்ல நீங்க ஹெல்மெட் போடுங்க" என்றாளாம்.

அன்று சாயந்திரம் நானும் முத்துச்செல்வியும் உட்கார்ந்து அவள் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதினோம். ஏழு நிமிஷத்தில் முடித்ததைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. கம்பெனிக்காக அவள் தேர்ந்தெடுக்கிற படங்களின் பட்டியலும் குறிப்பும் கம்பெனிக்கு. அவள் சொந்தமாக வரைவது எங்கே எப்போது வரைந்தாலும் அவளுக்கு. வேறொருவர் வரைந்த படத்தை மாட்டினால் வரைந்தவர் பெயர் கீழே இருக்க வேண்டும் என்ற வரியை அவள்தான் சொன்னாள். எனக்கு அது தோன்றவேயில்லை. யாரிடமிருந்தாவது படம் வாங்கினால் அவரிடம் அவள் தனியாகக் கமிஷன் வாங்கமாட்டாள் என்ற வரியையும் அவளே சேர்க்கச் சொன்னாள். இந்தத் தொழிலில் அது வழக்கமாக நடக்கிற தில்லுமுல்லு என்று விளக்கினாள். ஆளை எதிரே உட்கார வைத்து, உன் வேலையில் என்னென்ன நடக்கும் என்று கேட்டு எழுதினால் எவ்வளவு நல்ல ஒப்பந்தம் வருகிறது பாருங்கள்! ஆர்ட் கன்சல்டன்ட்டுக்கு மட்டும் இல்லை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்பே கடிதம் போய்ச் சேர்ந்தது. பலகை ஆயிரத்தைத் தொட்டது, பிரியாணியும் வந்தது. கல்யாண வீடுகளில்கூட அப்படி ஒரு பிரியாணி நான் சாப்பிட்டதில்லை.

கண்காட்சி தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சேரப்பணஞ்சேரி ரூமிலிருந்து ஐந்து பெண்களும் வேன் பிடித்து, ஒரே மாதிரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தனசேகர் வந்தார். உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிளான்ட் ஹெட் மனைவியோடு வந்து, ஒவ்வொருவரிடமும் அது எங்கள் பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை அட்டை. அதில் முத்துச்செல்வி என்று மட்டும் இருந்தது. அவள் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவேயில்லை. எதிர்ச்சுவரோரம் நின்று, அந்த அட்டையைப் படிக்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கண்டுபிடித்துக் கும்மாளம் போட்டார்கள். "ஏட்டி, உன் வாயைப் பாரு, பஸ்ஸே உள்ள போயிரும்!" பிரியாவுக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தது. போனில் படத்தை எடுத்தாள், படத்தோடு தன்னை எடுத்தாள், ஊருக்கு அனுப்பினாள். பிறகு கும்பலிலிருந்து விலகி என் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தைக் கையால் காட்டினாள்.

"மேடம், ஒரு சந்தேகம் கேக்கவா?"

"கேளும்மா."

"இதுல நாங்க தூங்குதோம்லா. இது கம்பெனி நேரமா, எங்க நேரமா?"

பக்கத்தில் நின்ற பிளான்ட் ஹெட் திரும்பிப் பார்த்தார். தனசேகரும் பார்த்தார். இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அடிபட்டால் ஒரு பதில், சம்பளம் என்றால் இன்னொரு பதில், பஸ் தாமதமானால் வேறு ஒரு பதில். அத்தனை வருஷமும் இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம், "பாத்துச் சொல்றேம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"உங்க நேரம்மா" என்றேன். "அது உங்களோடதுதான்."

"அப்பச் சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் பிரியா மறுபடியும் கும்பலுக்குள் ஓடிப்போனாள். அவள் எழுத்தில் கேட்டிருந்தால் எழுதியும் கொடுத்திருப்பேன்.